மிச்சம் விழுந்த பாகங்கள்

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, கடைசி போல்ட்டையும் இறுக்கி, ஸ்பேனரைச் சுவரில் அதற்குரிய ஆணியில் தொங்கவிட்டுவிட்டுத் திரும்பியபோது, தரையில் விரித்திருந்த செய்தித்தாளின் மேல் ஒரு பின் கிடந்தது. கொண்டை ஊசி மாதிரி வளைந்த, சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத இரும்புத் துண்டு. அதைச் சுற்றி எண்ணெய் ஒரு சின்ன வட்டமாக ஊறியிருந்தது. ரொம்ப நேரமாக அங்கேயே கிடந்து, யாராவது கவனிப்பார்களா என்று காத்திருந்தது போல.

கையேட்டார் கவனித்தார். தான் கவனித்ததை மனைவி கவனித்தாளா என்று அடுத்துக் கவனித்தார்.

கையேட்டார் என்பது தெரு அவருக்கு வைத்த பெயர். அலுவலகத்தில் அவர் பயிற்சிப் பிரிவுக் கண்காணிப்பாளர். நாற்காலியில் எப்படி உட்கார வேண்டும் என்று பதினோரு பக்கத்துக்குச் சுற்றறிக்கை எழுதியவர். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் அதைப் படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருப்பார்களாம். வண்டி வாங்கினால் கூடவே ஒரு கையேடு தருவார்கள் அல்லவா, மற்றவர்கள் அதை இருக்கையின் பிளாஸ்டிக் உறையோடு சேர்த்துத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இவர் அதற்குக் கெட்டி அட்டை போட்டு, பக்கத்துக்குப் பக்கம் வண்ணச் சீட்டு ஒட்டி, கடவுள் படத்துக்குக் கீழே வைத்திருந்தார். யார் எதைப் பற்றிப் பேசினாலும், “கையேட்டுல என்ன போட்டிருக்குன்னா…” என்றுதான் ஆரம்பிப்பார். தலைவலிக்குக்கூட.

வண்டி ஒன்றும் ராஜ வாகனமில்லை. நூறு சிசி, ஊரில் பத்து வண்டி நின்றால் அதில் ஆறு அந்த மாதிரி. ஆனால் அதற்காக வீட்டின் முன்பக்கம் தகரக் கூரை போட்ட இடத்துக்கு அவர் ‘பணிமனை’ என்று பெயரிட்டிருந்தார். சுவரில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தைக் கறுப்பு மையால் வரைந்து, அந்த நிழலுக்கு மேல் அதைத் தொங்கவிட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நீல நிறத் தொழிற்சாலைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தால், ஏதோ விமானத்தைப் பிரிக்கப் போகிறவர் மாதிரி இருக்கும்.

இதற்கெல்லாம் காரணம் தெருமுனை மெக்கானிக். நாலு மாசத்துக்கு முன்னால் அவன் கிளட்ச் கேபிள் மாற்றிக்கொண்டிருந்தபோது, இவர் பக்கத்தில் நின்று கையேட்டை உரக்க வாசித்தார். அவன் தலையைத் தூக்காமலே, “வாசிங்க சார், நான் கேட்டுக்கறேன். ஆனா வண்டிக்குப் படிக்கத் தெரியாது” என்றான். அங்கே நின்ற ஏழெட்டுப் பேரும் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கே சபதம். “இனிமே இந்த வண்டிய என்னைத் தவிர ஒருத்தன் தொடக்கூடாது.” கண்ணகிக்குச் சிலம்பு மாதிரி இவருக்கு ஒரு கேபிள்.

“என்னங்க, முடிஞ்சுதா?” மனைவி வாசல்படியில் நின்றாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு. நாள் முழுக்க ஊசியும் கையுமாக இருப்பதாலோ என்னவோ, பேச்சும் கொஞ்சம் குத்தும். “கையில என்ன அது?”

“ஒண்ணுமில்ல. எக்ஸ்ட்ரா.”

“எக்ஸ்ட்ராவா?”

“கம்பெனிக்காரன் ஒரு பாதுகாப்புக்குன்னு நாலு தேவையில்லாததையும் சேர்த்து மாட்டி அனுப்புவான். விஷயம் தெரிஞ்சவனுக்குத்தான் எதைக் கழட்டலாம்னு தெரியும்.”

“ஆபரேஷன் பண்ற டாக்டர் இப்படி எதையாவது கையில வச்சுக்கிட்டு வெளிய வந்து எக்ஸ்ட்ரான்னு சொன்னா, நாம சும்மா விடுவமா?”

“வண்டி வேற, உடம்பு வேற.”

“நான் தினம் பின்னாடி உக்கார்றவ. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

அவர் அந்தப் பின்னை ஒரு காலி பிஸ்கட் டப்பாவில் போட்டார். டிங் என்றது. பிறகு முறைப்படி வண்டியைக் கிளப்பினார். பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக்கை இழுத்து, சாவி போடாமல் இரண்டு மெதுவான உதை. பிறகு சாவியைத் திருப்பி ஒரே ஒரு முழு உதை. வண்டி உடனே பிடித்துக்கொண்டது. முன்னைவிட நன்றாகவே. “முதல் உதையிலயே!” என்று எதிர் வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார்.

மறுநாள் காலையில் மனைவியின் தோட்டுத் திருகாணி காணாமல் போயிருந்தது. கட்டிலுக்கடியில் டார்ச் அடித்து இருவரும் தேடினார்கள். தலையணை உறையை உதறினார்கள். கிடைக்கவில்லை. தோடு மட்டும் காதில் அப்படியே நின்றது, பின்பக்கம் பிடிப்பே இல்லாமல்.

அடுத்த ஞாயிறு இரண்டு மிஞ்சின: ஒரு வாஷர், ஒரு ஸ்பிரிங். இந்தத் தடவை அவர் கவனமாக, ஒவ்வொன்றையும் கழற்றும்போதே வரிசையாக அடுக்கி, எண் போட்டு வைத்திருந்தார். எண்கள் எல்லாம் சரியாக முடிந்தன. இந்த இரண்டுக்கும் எண் இல்லை. கையேட்டில் பாகங்களைப் பிரித்துக் காட்டும் படத்தை எடுத்து வைத்துப் பார்த்தார்; இரண்டும் இருந்தன, இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன, வண்டியின் அந்தப் பகுதியை அவர் தொடவே இல்லை. மழைக்கு முந்திய இருட்டு கூரைக்குக் கீழே இறங்கியிருந்தது. பெட்ரோலும் பழைய துணியும் கலந்த வாசனைக்கு நடுவில் இன்னொரு வாசனை, எங்கேயோ தெரிந்த வாசனை, மெலிதாக வந்து போனது. தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் வாசனை. மனைவியினுடையது. அவள் அப்போது மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

டிங். டிங்.

அந்த வாரம் அவளுடைய மூக்குக் கண்ணாடியின் திருகு போயிற்று. ஒரு பக்கக் கண்ணாடி வேலை செய்யும் இடத்தில் யாரோ ஒருவரின் ரத்தம் வைத்திருந்த சோதனைக் குப்பியின் மேல் விழுந்ததாம். புதன்கிழமை கைக்கடிகாரம் நின்றது. திறந்து பார்த்த கடைக்காரர், உள்ளே ஸ்பிரிங்கே இல்லையே அம்மா, யார் எடுத்தது என்று கேட்டாராம்.

வண்டியோ பட்டு மாதிரி ஓடியது. அலுவலகத்தில் அவர் அதைப் பற்றி ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினார். “தேவையற்றதை நீக்குவதுதான் நிர்வாகம்” என்று முடித்தார். கேட்டுக்கொண்டிருந்த இளநிலை உதவியாளர்கள், அடுத்து நீக்கப்படுவது யாரோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாவது ஞாயிறுதான் அவர் அதைப் பார்த்தார்.

கையேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி உண்டு: ‘எந்தப் பராமரிப்பு வேலையையும் தொடங்குமுன் இன்ஜினை அணைக்கவும்.’ வேலை ஆரம்பிக்கும்போதெல்லாம் அதை அவர் வாய்விட்டுப் படிப்பார். சமையலறையிலிருந்து மனைவி அதே ராகத்தில் திருப்பிச் சொல்லுவாள். அன்றைக்கும் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே குனிந்து, பின்சக்கரத்துப் பிரேக் கம்பியின் முனையைத் துணியால் துடைத்தார். முதல் வாரம் மிஞ்சிய அந்த வளைந்த பின் இந்த முனையில் ஒரு துளையில் இருந்திருக்க வேண்டும். துளை காலியாக இல்லை. கிரீஸுக்கு நடுவில் ஒரு புள்ளி மஞ்சளாக மின்னியது.

திருகாணி.

தங்கம். சுற்றிலும் சின்னச் சின்னப் பூ இதழ் வேலைப்பாடு. கல்யாணத்துக்கு அவளுடைய அண்ணன் போட்டது. தொழிற்சாலையிலேயே மாட்டி அனுப்பியது போல, அந்தத் துளைக்குக் கச்சிதமாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது.

அவர் குறடை எடுத்து அதைப் பிடித்தார். மெதுவாகத் திருகினார்.

“ஆ!” சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. “அய்யோ, காது! என்னங்க, காதுல யாரோ பிடிச்சு இழுக்கற மாதிரி…”

குறடை விட்டார். சத்தம் நின்றது.

எவ்வளவு நேரம் குந்தியபடியே இருந்தார் என்று அவருக்குத் தெரியாது. கால் மரத்துப் போயிற்று. எழுந்தபோது தாளில் மூன்று பாகங்கள் கிடந்தன. இன்னும் எதையுமே அவர் கழற்றவில்லை. துணியால் பிரேக் முனையில் கிரீஸை அப்பி மஞ்சளை மறைத்தார். மூன்றையும் டப்பாவில் போட்டு மூடினார். உள்ளே போய், “காத்து பட்டிருக்கும்” என்றார். காதில் காற்றுப் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று கையேட்டில் இல்லை.

இவரைப் போன்றவர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. பயத்தைக்கூட மேலதிகாரி கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் ஏற்றுக்கொள்வார்கள். அதுவரை அது வெறும் வதந்தி.

செவ்வாய்க்கிழமை காலை மனைவி குளியலறையிலிருந்து வெகு நேரம் வெளியே வரவில்லை. வந்தபோது வாயைத் திறந்து காட்டினாள். “கடைவாய்ப் பல் ஒண்ணக் காணோம். வலி இல்ல. ரத்தம் இல்ல. ரத்தம் வராத பல் உண்டா? எனக்குத் தெரியாத ரத்தமா?”

அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். ஈறில் ஒரு துளை. சுத்தமாக, உலர்ந்து, உள்சுவரில் சுற்றிச் சுற்றி இறங்கும் மெல்லிய வரிகளோடு. போல்ட்டைக் கழற்றிய துளையில் இருப்பது போன்ற வரிகள். ஆழத்தில் வெளிச்சம் எட்டவில்லை.

“என்ன தெரியுது?”

“ஒண்ணும் தெரியல.”

“அதை ஏன் இப்படி மூஞ்ச வச்சுக்கிட்டுச் சொல்றீங்க?”

காலைகளில் அவள் கட்டிலைவிட்டு எழுவது மாறியிருந்தது. பாதி எழுந்து அப்படியே சாய்வாள். மறுபடி பாதி எழுந்து சாய்வாள். மூன்றாம் முறைதான் ஒரே மூச்சில் எழுந்து உட்காருவாள். உட்கார்ந்ததும் உடம்பு லேசாக உதறும். பிறகு ஒரு நிமிஷம் அசையாமல் சூடேறக் காத்திருப்பாள். வேலை செய்யும் இடத்தில் அவளுடைய இதயத்துக்குப் படம் எடுத்துப் பார்த்தார்களாம். “மிஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டாங்க. கோடெல்லாம் ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி வருதாம். மாடி ஏறினாலும் அதே. தூங்கி எழுந்தாலும் அதே.” சிரித்தாள். சிரிப்பில் அந்தத் துளை கறுப்பாகத் தெரிந்தது.

வண்டியை அவர் காலையில் தொட்டுப் பார்க்கும்போது இன்ஜின் வெதுவெதுப்பாக இருந்தது. இரவெல்லாம் நின்ற வண்டி. இரும்பின் சூடு அல்ல அது. காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் கைவைத்துப் பார்த்து, இல்லை என்று திருப்தியோடு கையை எடுப்போமே, அந்தச் சூடு.

வியாழக்கிழமை மெக்கானிக் கடையைத் தாண்டும்போது அவன் கைகாட்டி நிறுத்தினான். நிறுத்தியிருக்கக் கூடாது, நிறுத்தினார். மனைவி பின்னால் இருந்தாள்.

“சார், வண்டி சத்தம் சரியில்லயே.”

“ஏன்? சத்தமே இல்லாம ஓடுது.”

“அதான் சொல்றேன். இந்த மாடலுக்கு டக்கு டக்குன்னு ஒரு சத்தம் கூடவே வரும். பொறந்ததுல இருந்து இருக்கற சத்தம். அது எங்க போச்சு?”

“நான் எடுத்துட்டேன்.”

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தான். கிண்டல் இல்லை. “எடுத்து எங்க சார் வச்சீங்க?”

அவர் கியரைப் போட்டார். அவன் கூடவே நாலடி நடந்து வந்தான். “சார், மிச்சம் கிச்சம் ஏதாச்சும் விழுந்திருந்தா எடுத்துக்கிட்டு வாங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நானும் ஒருகாலத்துல மிச்சம் வச்சவன்தான்.”

“மிச்சமா? என்கிட்டயா?” என்றார் கையேட்டார்.

அன்று சாயங்காலம் மனைவி சோபாவில் ஒருக்களித்துத் தூங்கிவிட்டாள். மின்விசிறி நின்றிருந்தது; மின்சாரம் போய் அரைமணி ஆகியிருந்தது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் முனகல் இல்லை, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியின் சத்தம் இல்லை, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. அந்த அமைதியின் அடியில் எங்கேயோ, சுவருக்குப் பின்னால் யாரோ விரல் முட்டியால் மெதுவாகத் தட்டிக்கொண்டிருப்பது போல, விடாமல், தளராமல், ஒன்று. அவர் சுவரில் காதை வைத்தார். இல்லை. ஜன்னலைத் திறந்தார். இல்லை. குனிந்தார். அவள் முதுகின் மேல், ரவிக்கைக்கும் பின்னலுக்கும் நடுவில், காதை வைத்தார்.

டக்கு டக்கு. டக்கு டக்கு. டக்கு டக்கு.

அவர் விலகியபோது அவள் விழித்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்குத் தெரியும்” என்றாள். கேள்வி இல்லை.

அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

“அந்த டப்பாவ எடுத்துக்கிட்டு மெக்கானிக்கிட்ட போங்க. அவர்கிட்ட வண்டிய விட்டு, எல்லாத்தையும் இருந்த இடத்துல மாட்டச் சொல்லுங்க. எனக்கு விளக்கம் வேணாம். சுற்றறிக்கை வேணாம். போனாப் போதும்.”

“போறேன்.”

“இப்பவே.”

போனார்தான். டப்பாவைக் கையில் எடுத்து, செருப்பு போட்டு, வாசல் கதவைத் திறந்தார். திறந்த கதவுக்கு வெளியே குடியிருப்போர் சங்கத் தலைவர் நின்றிருந்தார், கையில் சுருட்டிய பேனரோடு. தலைவர் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் யாரையும் ஓய்வெடுக்க விடாதவர். “வாங்க வாங்க, உங்களத்தான் பாக்க வந்தேன்! நீங்க ஒத்துக்கிட்ட கூட்டம் ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு. பேனர் வந்துடுச்சு, பாருங்க!” விரித்தார். ‘வீட்டிலேயே வண்டிப் பராமரிப்பு: செயல்முறை விளக்கம்.’ கீழே கையேட்டாரின் படம், நீலச் சட்டையோடு. படத்துக்குக் கீழே ‘வல்லுநர்’ என்று போட்டிருந்தது.

வல்லுநர்.

அந்தச் சொல்லை அவர் இரண்டு தடவை படித்தார். கையில் டப்பா குலுங்கியது.

“கையில என்ன, பிஸ்கட்டா?”

“ஆமா” என்றார் கையேட்டார்.

கதவைச் சாத்தித் திரும்பியபோது மனைவி கூடத்தின் நடுவில் நின்றாள். “கூட்டம் முடியட்டும்” என்றார் அவர். “மூணு நாள்தானே. திங்கக்கிழமை முதல் வேலையா…” அவளை அவர் அவ்வளவு அமைதியாகப் பார்த்ததே இல்லை. ஓடாத வண்டி அப்படித்தான் அமைதியாக இருக்கும்.

சனிக்கிழமை வீடு திரும்பும் வழியில் வண்டி ஒருதரம் விக்கியது. பின்னால் அவளும் விக்கினாள். பெட்ரோல் தீரப் போகிறது. அவர் குனிந்து குழாயை ரிசர்வுக்குத் திருப்பினார். திங்கட்கிழமை போட்டுக்கொள்ளலாம்.

ஞாயிறு நான்கு மணி. தகரக் கூரைக்குக் கீழே இருபது பிளாஸ்டிக் நாற்காலி. முன்வரிசையில் மனைவி, நல்ல சேலை கட்டி, மடியில் கை கோத்து உட்கார்ந்திருந்தாள். வானம் மூடிக்கிடந்தது. தலைவர் ஒலிபெருக்கியில் இருபது நிமிஷம் பேசினார். வண்டியைப் பற்றி அல்ல, தான் சங்கத்துக்குத் தலைவரான வரலாற்றைப் பற்றி. வாசல் கேட்டுக்கு வெளியே, யாரும் கூப்பிடாமல், மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

கையேட்டார் எழுந்தார். சிவப்பு எழுத்தைப் படித்தார். “எந்தப் பராமரிப்பு வேலையையும் தொடங்குமுன் இன்ஜினை அணைக்கவும்!” எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையிலிருந்து வழக்கமான எதிரொலி வரவில்லை.

பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார். காற்று வடிகட்டியைத் தட்டித் தூசி எடுத்தார். செயினுக்கு எண்ணெய் விட்டார். அவ்வளவுதான் அன்றைய பாடம். இன்ஜினை அவர் திறக்கவே இல்லை. திறக்கும் எண்ணமும் இல்லை. விரல்கள் மட்டும் ஈரமாக இருந்தன. ஒவ்வொரு தடவை வண்டிக்குள் கைவிடும்போதும், ஆழத்தில் எதுவோ அவர் விரலை நோக்கி லேசாக நகர்வது போலிருந்தது. எல்லாவற்றையும் மாட்டினார். இறுக்கினார். நிமிர்ந்தார்.

செய்தித்தாளின் நடுவில் பிஸ்டன் கிடந்தது.

ஒரு டம்ளர் பருமன். சில்லென்று, பல வருஷம் ஓடாதது போல. வண்டியின் நெஞ்சுக்குள் இருப்பது. அது இல்லாமல் எந்த வண்டியும் ஓடாது. இதைச் சொல்லக் கையேடு வேண்டாம்.

இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அழுக்குத் துணியை அதன் மேல் போட்டார்.

“ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க சார்!” பின்வரிசையிலிருந்து ஒருவர். “முதல் உதையிலயே!” இன்னொருவர். சிரிப்பு.

முன்வரிசையைப் பார்த்தார்.

மனைவி உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. ஒரு ஈ அவள் கீழுதட்டில் உட்கார்ந்து, மெதுவாகக் கன்னத்தில் ஏறி, கண்ணோரம் வரை நடந்தது. இமை அசையவில்லை.

“சார், சீக்கிரம்! மழை வருது!”

குழாய். சோக். மெதுவாக ஒரு உதை. அவள் தோள் பாதி எழுந்து சாய்ந்தது. மெதுவாக இன்னொன்று. பாதி எழுந்து சாய்ந்தது. சாவியைத் திருப்பினார். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. முழு உதை.

வண்டியில் சத்தமே இல்லை. ஒரு சின்ன நடுக்கம் மட்டும்.

முன்வரிசையில் மனைவி ஒரே மூச்சில் எழுந்து நின்றாள். உடம்பு லேசாக உதறியது. கைதட்டினாள்.

“ஆகா! சத்தமே இல்லப்பா!” தலைவர் துள்ளினார். இருபது பேரும் கைதட்டினார்கள். கையேட்டார் வாழ்நாளெல்லாம் கேட்க ஆசைப்பட்ட கைதட்டல், தகரக் கூரையில் மோதித் திரும்பியது. முதல் தூறல் விழுந்தது. எல்லோரும் நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். கைதட்டல் ஓய்ந்தது.

ஒன்று மட்டும் ஓயவில்லை.

டப். டப். டப். டப்.

“போதும்” என்றார். “எல்லாரும் போயாச்சு. போதும்மா.”

டப். டப். டப்.

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார்.

அவள் கைகள் நின்றன. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி. நாசியருகே விரல் வைத்துப் பார்த்தார். காற்று இல்லை. அவள் கை மழைத்தண்ணீர் மாதிரி குளிர்ந்திருந்தது. அவர் குரல் எழுப்பினாரா என்று தெரியாது. ஓடி வந்து சாவியைத் திருப்பி வண்டியை உதைத்தார்.

டப். டப். டப்.

வாசல் கேட் திறந்தது. மெக்கானிக் நனைந்தபடி உள்ளே வந்தான். கையேட்டார் டப்பாவை அவன் கையில் திணித்தார், பிஸ்டனையும் துணியோடு. சொல்ல வேண்டியது எல்லாம் அதில் இருந்தது. மெக்கானிக் டப்பாவைத் திறந்து விரலால் கிளறினான். பிஸ்டனைத் திருப்பிப் பார்த்தான். நடுங்கும் வண்டியைப் பார்த்தான்.

“எல்லாம் இந்த வண்டியோடதுதான் சார். மாட்டிடலாம்.” குரல் தணிந்தது. “அப்ப உள்ள ஓடறது என்ன?”

“மாட்டு” என்றார் கையேட்டார். “நீயே மாட்டு. உன்னால முடியும். எனக்குத் தெரியாது. எனக்கு ஒண்ணுமே தெரியாது.” நாலு மாசமாக அந்த வார்த்தை தொண்டையில் நின்றிருந்தது. எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

“மாட்டறேன் சார். அஞ்சு நிமிஷம். திறக்கணும்னா மொதல்ல…” மெக்கானிக் சாவிப் பக்கம் கையை நீட்டினான்.

கையேட்டார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், ஆஃப் பண்ணாம எப்படி? நீங்கதான சார் வாய் ஓயாம படிப்பீங்க?”

மழை கூரையில் இறங்கியது. மெக்கானிக் மெல்லத் திரும்பினான். அப்போதுதான் அவளைப் பார்த்தான். அவள் கைகளைப் பார்த்தான். வண்டியின் நடுக்கத்தைப் பார்த்தான். மறுபடி அவள் கைகளை.

“சார்… அம்மாவ நிறுத்தச் சொல்லுங்க சார்.”

வண்டி ஒருதரம் விக்கியது.

ஒரு தட்டல் தவறியது.

கையேட்டார் குனிந்து பெட்ரோல் குழாயைப் பார்த்தார். அது ஏற்கனவே ரிசர்வில் இருந்தது.

“பெட்ரோல்” என்றார். “ஓடு. ஓடு!” மெக்கானிக் ஓடினான். டப்பா தரையில் உருண்டது. இன்னொரு விக்கல். அவள் இமை பாதியில் நின்று, திறந்தது. அணைந்துவிடக் கூடாது. அவர் ஆக்ஸிலரேட்டரைத் திருகினார்.

தட்டல் வேகமெடுத்தது.

இன்னும் திருகினார். விட முடியவில்லை. டப்டப்டப்டப். அவள் உள்ளங்கை சிவந்தது. தோல் கிழிந்தது. ரத்தம் இல்லை. தேனைப் போல் தெளிந்த எண்ணெய் ஒரு கோடாக மணிக்கட்டில் இறங்கி, நல்ல சேலையில் சொட்டியது. காலியான நாற்காலி வரிசைக்கு முன்னால், ‘வல்லுநர்’ என்ற பேனர் மழையில் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்க, அவள் நேராக அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டு, பல் இல்லாத அந்தக் கறுப்புத் துளை தெரிய, கைதட்டிக்கொண்டே இருந்தாள்.